பழைய ஜிப்ஸிக்கு ஃப்யூயல் பம்ப்: கம்பெனி சாமானா, வெளிச் சாமானா?

"பம்ப் போயிடுச்சு சார். கம்பெனி சாமான் போடவா, வெளியில வாங்கிப் போடவா?" மெக்கானிக் இப்படிக் கேட்டதும் என்ன சொல்வது என்று தெரியாமல் முழிக்கும் மாருதி ஜிப்ஸிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி சாமான் விலை கூடுதல், ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் நேரலாம். வெளிச் சாமான் சாயங்காலத்துக்குள் கைக்கு வந்துவிடும், ஆனால் எத்தனை மாதம் ஓடும் என்பது விற்ற கடைக்காரருக்கே தெரியாது.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் வண்டிக்கு நல்ல பெயருள்ள வெளிச் சாமான் போதும். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீச்சும்) வண்டிக்குப் பெயர் தெரியாத பம்ப் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, உள்ளே இருப்பதை யார் செய்தார்கள், அதைக் கழற்றிப் போட எவ்வளவு செலவாகும் என்ற இரண்டும்தான் முக்கியம்.

## உங்களுடையது எந்த ஜிப்ஸி?

1985-ல் வந்த முதல் ஜிப்ஸி 970 சிசி, கார்புரேட்டர். 1996-ல் வந்த ஜிப்ஸி கிங் 1300 சிசி, அதுவும் கார்புரேட்டர்தான். 2000-ல் எம்பிஎஃப்ஐ வந்தது. 2019-ஓடு பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது.

கார்புரேட்டர் வண்டியில் பம்ப் எஞ்சின் மேலேயே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு கை மேலும் கீழும் ஆடி, உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வை அசைத்துப் பெட்ரோலை இழுக்கும். மின்சாரத்துக்கு இதில் வேலையில்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் ஒரு மின் மோட்டார், பெட்ரோல் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். முதல் வகை தரவேண்டிய அழுத்தம் இரண்டாவது தருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். முதல் வகையை இரண்டு போல்ட் கழற்றி வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். இரண்டாவதற்கு டேங்கை இறக்கவேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

## முதலில், போனது பம்ப்தானா?

கடைக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். நல்ல பம்பைக் கழற்றிவிட்டுச் சுமாரான பம்பை மாட்டுவது ஜிப்ஸியில் சகஜம்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடிக்கு ஒரு ரீங்காரம் வரவேண்டும். வரவில்லை என்றால் பம்ப் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஃப்யூஸ், ரிலே, டேங்க் பக்கத்துக் கனெக்டர், எர்த் ஒயர் என்று வரிசையாகப் பாருங்கள். இருபது வருடம் சேற்றிலும் மழையிலும் ஓடிய வண்டியில் துருப்பிடித்த எர்த் ஒன்றே போதும், பம்பை நிறுத்திவிட. பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் மீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 12.5 இருக்கும்போது இங்கே 10 வந்தால் கோளாறு ஒயரில் இருக்கிறது. புதுப் பம்ப் போட்டாலும் அதே குறைந்த வோல்டேஜில்தான் ஓடும், கம்பெனி சாமான் ஆனாலும் சரி.

சத்தம் வருகிறது, ஆனால் ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கவேண்டும். எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது சுமார் 3 பார் காட்டவேண்டும். குறைந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல், அடுத்தது டேங்குக்குள் பம்பின் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னர் மேல். பம்ப் மேல் சந்தேகம் அதற்கப்புறம்தான்.

கார்புரேட்டர் வண்டிக்கு வேறு கதை. சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது நின்றுபோய், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறதா? பெரும்பாலும் அது குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டதுதான். ஆனால் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஆயில் அளவும் ஏறியிருக்கிறது என்றால், டயாபிரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்க நிறையவே வாய்ப்பு. அப்போது வண்டியை ஓட்டாதீர்கள். பம்போடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றவேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

விலை கடைசியில் வரட்டும். முதலில் பம்ப் தரவேண்டிய அழுத்தத்தைச் சூட்டிலும் தருமா என்று பார்க்கவேண்டும். காலையில் 3 பார் காட்டிவிட்டு, ஒரு மணி நேரம் ஓடியதும் 2-க்கு இறங்கும் பம்ப் கண்டுபிடிக்கக் கஷ்டமான தலைவலி. அடுத்து, அதில் இருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இன்றைய பெட்ரோலைத் தாங்குமா என்பது. மூன்றாவது பொருத்தம்: கனெக்டர், குழாய் முனை, பிராக்கெட், நெம்புகோல் கையின் நீளம்.

நான்காவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாமான் மறுபடி போனால் என்ன செலவாகும்? டேங்கை இறக்கி ஏற்றும் கூலி ஒவ்வொரு முறையும் கொடுக்கவேண்டும். வண்டி எங்கே நின்றுபோகும் என்பதும் இதில் சேரும். ஊருக்குள் ஓட்டுபவர் நின்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார். வால்பாறையில் நின்றால் பொள்ளாச்சிக்கு 65 கிலோமீட்டர், நடுவே 40 கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்துவரும் வாடகையில் பம்ப் விலை காணாமல் போய்விடும்.

இன்னும் எத்தனை வருடம் வண்டியை வைத்திருக்கப்போகிறீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிக்கப்படும். இப்போதுதான் புதுப்பித்தீர்கள் என்றால் ஐந்து வருடத்துக்குத் தாங்கும் சாமானைப் பாருங்கள்.

## கம்பெனிப் பெட்டியில் வருவது

இதன் பலம் பொருத்தம். கனெக்டரை வெட்டி ஒட்டும் வேலை இல்லை, பிராக்கெட்டை வளைக்கும் வேலை இல்லை. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் பார்ட் நம்பர் கிடைக்கும், அதை வைத்து வாங்கினால் தவறு நேர இடம் குறைவு.

பலவீனம் இரண்டு. எம்பிஎஃப்ஐ பம்ப் பெரும்பாலும் பிராக்கெட்டோடு சேர்த்து முழு அசெம்பிளியாகத்தான் தருவார்கள். மோட்டார் மட்டும் போன வண்டிக்கு நல்ல நிலையில் இருக்கும் மற்ற பாகங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். விற்பனை நின்ற வண்டி என்பதால், ஒரு டீலரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கலாம், எங்குமே இல்லாமலும் போகலாம். காத்திருக்கும் நாட்களுக்கு வண்டி நின்றாகவேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதைக் கடைசியில் பெட்ரோலைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். கம்பெனி சாமான் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் கொஞ்சம் ஆட்டம் காணும்.

## பம்ப் செய்தவரே தன் பெட்டியில் விற்பது

கார் கம்பெனிகள் ஃப்யூயல் பம்பைத் தாங்களே செய்வது அரிது. டென்சோ, பாஷ் மாதிரி சப்ளையர்கள் செய்து கொடுப்பார்கள். அதே நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் வெளி மார்க்கெட்டில் விற்கின்றன. இதையும் பெயரில்லாத சாமானையும் "வெளிச் சாமான்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய குழப்பம்.

உங்கள் வண்டியில் யார் செய்த பம்ப் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி சுலபம். கழற்றிய பழைய பம்பின் உடலைத் துடைத்துப் பாருங்கள், தயாரிப்பாளர் பெயரும் நம்பரும் பொறித்திருக்கும். (மெக்கானிக் அதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் கேட்டு வாங்கிவிடுங்கள்.) அந்தப் பெயரில், அந்த நம்பருக்கு நிகரான பம்ப் வெளியில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மோட்டார் மட்டும் வாங்கிப் பழைய பிராக்கெட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

இதிலும் ஒளிந்திருக்கும் செலவு உண்டு. மோட்டார் மட்டும் வாங்கும்போது ஸ்ட்ரெய்னர், டேங்குக்குள் இருக்கும் சின்ன ஹோஸ், கிளாம்ப், மூடியின் சீல் எல்லாம் தனியாக வாங்கவேண்டும். பழையதையே போட்டு ஒப்பேற்றினால் மிச்சம் பிடித்த காசு போய்விடும். அந்தச் சின்ன ஹோஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே ஓடும் பெட்ரோல் ஹோஸ் உள்ளே மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும், அதன் வெளித்தோல் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. டேங்குக்குள் ஹோஸ் முழுவதும் மூழ்கிக் கிடக்கும். அதற்கென்று ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் தனியாக உண்டு. சாதாரண ஹோஸ் போட்டால் ஊறி, உப்பி, பிளந்துவிடும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அழுத்தம் மட்டும் டேங்குக்குள்ளேயே கசிந்துபோகும். பழி பம்ப் மேல் விழும்.

## பெயர் தெரியாத சாமான்

சென்னை ஜி.பி. ரோடு ஆனாலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து பார்சலில் வந்தாலும், மொட்டைப் பெட்டியில் வரும் பம்ப் எல்லாம் குப்பை என்று சொல்லமாட்டேன். சில நன்றாகவே ஓடும். சிக்கல் என்னவென்றால், இந்த முறை நன்றாக இருந்த பெட்டியும் அடுத்த முறை வாங்கும் அதே பெட்டியும் ஒரே இடத்தில் செய்யப்பட்டவை என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கார்புரேட்டர் பம்ப் வாங்குகிறீர்கள் என்றால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெம்புகோல் கையின் நீளமும் வளைவும் ஒன்றாக இருக்கவேண்டும். குழாய் முனைகளை எண்ணுங்கள்: பழையதில் டேங்குக்குத் திரும்பும் குழாய்க்கு மூன்றாவது முனை இருந்தால் புதியதிலும் இருக்கவேண்டும். "அதெல்லாம் அடைச்சிடலாம்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பம்புக்குக் கீழே வரும் பேக்கிங்கும் பழைய தடிமனிலேயே இருக்கட்டும். தடித்தால் கை ஆடும் தூரம் குறைந்து பெட்ரோல் போதாது, மெலிந்தால் கை அதிகமாக அழுந்தித் தேயும்.

எம்பிஎஃப்ஐ-க்கு இந்த வகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அரை மணி நேர வேலை என்றால் பரீட்சித்துப் பார்க்கலாம், டேங்கை இறக்கிப் பரீட்சை நடத்த முடியாது.

இதோடு சேர்த்து இரண்டு ஆசைகளையும் எச்சரிக்கிறேன். ஒன்று, கார்புரேட்டர் வண்டியில் பழைய பம்பை எடுத்துவிட்டு வெளியே ஒரு மின்சாரப் பம்ப் மாட்டுவது. குறைந்த அழுத்தப் பம்ப் என்றால் வேலை செய்யும், எம்பிஎஃப்ஐ பம்பை மாட்டினால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் கார்புரேட்டர் ஊசி தாங்காமல் பெட்ரோல் வழியும். பழைய பம்ப் எஞ்சின் நின்றால் தானே நிற்கும். மின்சாரப் பம்போ வண்டி கவிழ்ந்து எஞ்சின் அணைந்தாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலைப் பீச்சிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றதும் பம்பைத் துண்டிக்கும் சுவிட்சோ ரிலேயோ இல்லாமல் அதை மாட்டக்கூடாது.

இரண்டாவது ஆசை, ரேஸ் வண்டிக்கான பெரிய பம்ப். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் என்று பெருமையாக விற்பார்கள். எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியின் 80 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் குடிப்பது 25 லிட்டர் சுமாருக்குத்தான். மீதி எல்லாம் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகச் சூடேறி டேங்குக்கே திரும்பும். ரெகுலேட்டரால் சமாளிக்க முடியாவிட்டால் அழுத்தம் ஏறி மைலேஜும் கெடும்.

## காயலான் கடை

புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பிரித்துப் போட்ட வண்டிகளின் சாமான் கிடைக்கும். ஜிப்ஸிக்கு பிராக்கெட், டேங்க், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை போன்றவற்றை அங்கே தேடலாம். மோட்டாரையோ டயாபிரத்தையோ வாங்காதீர்கள். அதன் மிச்ச ஆயுளை யாராலும் சொல்ல முடியாது. நல்ல டேங்க் கிடைத்தால் விடாதீர்கள், ஏன் என்று கீழே வரும்.

| | கம்பெனிப் பெட்டி | தயாரிப்பாளர் பெட்டி | பெயரற்றது |
|---|---|---|---|
| விலை | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| கிடைப்பது | காத்திருக்க நேரலாம் | பெரிய ஊர்க் கடைகளில் | எங்கும் |
| பொருத்தம் | அப்படியே உட்காரும் | மோட்டார் உட்காரும், சில்லறைச் சாமான் தனி | ஒப்பிட்டுப் பார்த்தே வாங்கவேண்டும் |
| போலி அபாயம் | உண்டு | உண்டு | போலி செய்யப் பெயரே இல்லை |
| மறைந்த செலவு | தேவையில்லாத பாகங்களுக்கும் காசு | ஸ்ட்ரெய்னர், ஹோஸ், சீல் | இரண்டாம் முறைக் கூலி, இழுவை வாடகை |

போலி அபாயத்தை இரண்டு இடத்தில் "உண்டு" என்று போட்டிருக்கிறேன், கவனியுங்கள். நல்ல பெயருக்குத்தான் டூப்ளிகேட் வரும். கம்பெனிப் பெட்டி போலவே அச்சடித்த பெட்டியில் மொட்டைப் பம்ப் வருவதுதான் மிக மோசமான பேரம், ஒரிஜினல் விலை கொடுத்து லோக்கல் வாங்குகிறீர்கள். அச்சு மங்கல், எழுத்துப்பிழை, பார்ட் நம்பர் பெட்டியில் ஒன்றும் பம்பில் ஒன்றுமாக இருப்பது, எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இல்லாதது, எல்லாவற்றுக்கும் மேலாக "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி" என்று சொல்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பில் இல்லாத சாமானுக்கு வாரண்டி இல்லை. பில் இருந்தாலும் வாரண்டியில் வருவது பெரும்பாலும் பம்ப் மட்டும்தான், டேங்க் இறக்கிய கூலி உங்கள் கணக்கு.

## இன்றைய பெட்ரோல் செய்யும் வேலை

இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஜிப்ஸியின் பொது விற்பனை 2019-லேயே நின்றுபோனதால், நம் கையில் இருக்கும் எந்த ஜிப்ஸியும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் சில வகைப் பழைய ரப்பரை உப்பவைக்கும் அல்லது விறைக்கவைக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் இரும்பு டேங்கின் அடியில் தங்கித் துருவாகும்.

கம்பெனி சாமானைப் பற்றி மேலே பாக்கி வைத்த விஷயம் இதுதான். டீலரின் அலமாரியில் பல வருடம் கிடந்த கார்புரேட்டர் பம்ப் அசல் கம்பெனி சாமானாகவே இருக்கலாம், ஆனால் அதன் டயாபிரம் பழைய காலத்துப் பெட்ரோலுக்கான ரப்பர், கிடந்த காலத்தில் வயதும் ஏறியிருக்கும். அண்மையில் எத்தனால் தாங்கும் ரப்பரில் செய்யப்பட்ட, பெயருள்ள ஒரு வெளிச் சாமான் அதைவிட நன்றாக உழைக்கலாம். அதனால் கார்புரேட்டர் வண்டிக்கு "ஒரிஜினலா?" என்று கேட்பதோடு நிற்காமல், தயாரித்த மாதம், வருடத்தையும் பெட்டியில் பாருங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டிக்கு அதைவிடப் பெரிய சங்கதி டேங்க். துருப்பிடித்த டேங்கில் எந்தப் பெட்டியில் வந்த பம்பைப் போட்டாலும் ஸ்ட்ரெய்னர் அடைக்கும், பம்ப் திணறும், சூடேறும். அந்த மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான், ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டும் பழக்கமும் அதைக் கொல்லும். ஆகவே டேங்கை இறக்கியதும் பம்ப் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் மாதிரி அடியில் படிந்திருந்தால் கழுவவேண்டும், தகடே அரித்திருந்தால் டேங்கை மாற்றவேண்டும். காயலான் கடை டேங்கைப் பற்றிச் சொன்னது இதற்குத்தான். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் கம்பெனிப் பம்புக்கும் தயாரிப்பாளர் பம்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தை டேங்கைச் சுத்தம் செய்யச் செலவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை: நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. ஓட்டை அடைக்க வெல்டிங் வைக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள். இறக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

## யாருக்கு எது?

கார்புரேட்டர் ஜிப்ஸி, அன்றாட ஓட்டம்: பெயருள்ள வெளிச் சாமான், புதிய தயாரிப்பு. மலைப்பக்கம், எஸ்டேட், காட்டு ரோடு என்று போகிறவர் என்றால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, மற்றதை ஒரு பேக்கிங்கோடு சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். ஒரு ஸ்பேனரோடு வழியிலேயே மாற்றிக்கொள்ளும் வசதி எம்பிஎஃப்ஐ-காரருக்கு இல்லை.

எம்பிஎஃப்ஐ, பிராக்கெட்டும் மிதவையும் நன்றாக இருக்கிறது: தயாரிப்பாளர் பெட்டி மோட்டார், புது ஸ்ட்ரெய்னர், சரியான ஹோஸ், புது ஃபில்டர். என்னைக் கேட்டால் பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் பதில்.

எம்பிஎஃப்ஐ, பிராக்கெட் அரித்துவிட்டது அல்லது பெட்ரோல் மீட்டரும் சரியாகக் காட்டவில்லை: கம்பெனி அசெம்பிளி. விலை அதிகமாகத் தெரிந்தாலும், தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் அதே தொகைக்கு வந்து நிற்கும்.

அடுத்த மாதம் வண்டியை விற்கப்போகிறீர்கள், ஊருக்குள்தான் ஓடுகிறது: கார்புரேட்டர் என்றால் எது கிடைத்தாலும் சரி. எம்பிஎஃப்ஐ என்றால் அப்போதும் தயாரிப்பாளர் பெட்டிதான். வாங்க வருபவர் பில்லைப் பார்த்தால் பேரத்தில் அந்தக் காசு திரும்பி வந்துவிடும்.

எதைப் போட்டாலும், வண்டியை வெளியே எடுக்கும் முன் சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்து, அழுத்தம் ஏறிய பிறகு டேங்க் மூடியிலும் ஹோஸ் இணைப்புகளிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் எஞ்சினை ஓடவிட்டுப் பம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து கிளாம்புகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கி கிளாம்ப் தளர்வது வழக்கம்.